அரசு வேலைத் தேர்வை எதிர்த்து வழக்கு: சிதறாலிலிருந்து மதுரைக் கிளை வரை

நீதிமன்றம் பார்ப்பது எதை?

அரசு வேலைக்கு ஆள் எடுத்த விதம் சட்டத்துக்கும் விதிகளுக்கும் உட்பட்டு நடந்ததா என்று உயர் நீதிமன்றம் ஆராய்வதே நீதிமன்ற மறுஆய்வு. விண்ணப்பித்தவர்களில் யார் கெட்டிக்காரர் என்று நீதிபதி மதிப்பெண் போடுவதில்லை. தேர்வுக் குழு எந்த முடிவுக்கு வந்தது என்பதைவிட, எந்த வழியாக அந்த முடிவுக்கு வந்தது என்பதுதான் அங்கே கேள்வி. "எனக்குத்தான் அந்த வேலை கிடைத்திருக்க வேண்டும்" என்று தொடங்கும் மனு பலவீனமானது. "விதி இப்படிச் சொல்கிறது, அது இன்ன தேதியில் இன்னாரால் மீறப்பட்டது" என்று தொடங்கும் மனுவே நிற்கும்.

இதற்கான அதிகாரம் அரசியலமைப்பின் 14, 16, 226 ஆகிய கூறுகளிலிருந்து வருகிறது. சட்டத்தின் முன் சமத்துவம், அரசு வேலையில் சம வாய்ப்பு, உயர் நீதிமன்றத்தின் ரிட் (நீதிப்பேராணை) அதிகாரம் என்று அவற்றைச் சுருக்கமாகப் புரிந்துகொள்ளலாம். 1949-ல் சென்னை மாகாணத் தேர்வாணையம் 83 மாவட்ட முன்சீப் பணியிடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்டு அறிவித்தது. வெங்கடரமணா என்ற விண்ணப்பதாரர் தொடுத்த வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரிசனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்குமான ஒதுக்கீட்டில் தவறில்லை என்றும், எஞ்சிய இடங்களையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்தது 16-ஆம் கூறுக்கு முரணானது என்றும் சொன்னது. குடியரசு பிறந்த மறு ஆண்டிலேயே அரசுப் பணி நியமனம் நீதிமன்றப் பார்வைக்கு உட்பட்டது என்பது இதனால் நிலைபெற்றது.

வழக்கு நிற்கும் இடங்கள்

1. நடுவழியில் விதியை மாற்றுவது. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் முடிந்தபின் நேர்காணலுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் நிர்ணயித்ததை மஞ்சுஸ்ரீ வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தேர்வு தொடங்கியபின், விதி இடம் தந்தாலன்றி, தகுதி அளவுகோலை மாற்றக் கூடாது என்பதை ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாதக் வழக்கில் உறுதிசெய்தது.

2. தேர்வுக் குழுவில் சொந்த நலன் உள்ளவர் அமர்வது. 1969-ல் தீர்ப்பான கிரைபக் வழக்கில் வனப்பணித் தேர்வுக் குழு உறுப்பினரே விண்ணப்பதாரராகவும் இருந்தார். அவருடைய பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் விலகியிருந்தும் முழுத் தேர்வும் ரத்தானது.

3. இட ஒதுக்கீட்டுக் கணக்கில் பிழை. தமிழ்நாட்டில் ஒதுக்கீடு 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் அருந்ததியர் உள்ளிட்டு 18, பழங்குடியினர் 1. பொதுப் போட்டி இடம் எந்தச் சாதிக்கும் ஒதுக்கப்பட்டதன்று. அது எல்லாருக்கும் திறந்தது. ஒதுக்கீட்டுப் பிரிவுப் பெண் தன் மதிப்பெண்ணால் பொதுப் பிரிவுப் பெண்கள் இடத்துக்குள் வந்தால் அவரைத் தள்ள முடியாது என்று 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கு தெளிவாக்கியது.

4. போதிய விளம்பரம் இல்லாமை. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு ஆள் எடுப்பது போதாது, பொது அறிவிப்பும் வேண்டும் என்பது 1996-லிருந்து நிலைத்த சட்டம். கிராம அளவிலான பணிகளில் இந்தக் குறை அடிக்கடி எழும்.

5. ஆணையில் சொல்லாத காரணத்தைப் பிறகு சொல்வது. நிராகரிப்பு ஆணையில் என்ன காரணம் இருக்கிறதோ அதை வைத்துத்தான் அந்த ஆணை நிற்கவோ விழவோ வேண்டும். வழக்கு வந்தபின் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்க முடியாது என்பது 1977-ன் மொகிந்தர் சிங் கில் வழக்கு தந்த விதி. மனுதாரர் கையில் இருக்கும் கூர்மையான ஆயுதங்களில் இது ஒன்று. நிராகரிப்புக் கடிதத்தை வரிவரியாகப் படிக்க வேண்டியதற்குக் காரணமும் இதுவே.

நிற்காத வாதங்களும் உண்டு. தேர்வுப் பட்டியலில் பெயர் வந்ததாலேயே வேலை உரிமையாகிவிடாது. இடம் காலியாக இருந்தும் தன்னிச்சையாக நிரப்ப மறுத்தால் மட்டுமே நீதிமன்றம் கேள்வி கேட்கும் (சங்கர்சன் தாஷ், 1991). விதியில் இல்லாத மறுமதிப்பீட்டை நீதிமன்றம் பொதுவாகத் தராது. விடைக்குறிப்பு தவறு என்றால் அது நீண்ட வாதம் இல்லாமலே, பாடநூலைத் திறந்து காட்டியதும் தெரிகிற தவறாக இருக்க வேண்டும். இரண்டு விடைக்கும் நியாயம் உண்டு என்றால் தேர்வாணையத்தின் விடையே நிற்கும். பின்வாசல் வழியாகத் தற்காலிகமாகச் சேர்ந்து பல ஆண்டு வேலை பார்த்தவர், அந்த ஒரு காரணத்தால் நிரந்தரம் கேட்க முடியாது என்று உமாதேவி வழக்கு 2006-ல் சொல்லிவிட்டது.

உள்நோக்கம் கற்பிப்பது தனியாகக் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த இ.பி. ராயப்பா தம் பணிமாற்றத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில்தான், தன்னிச்சையான செயல் சமத்துவத்துக்கே பகை என்ற புகழ்பெற்ற கோட்பாடு 1973-ல் பிறந்தது. ஆனால் அந்த வழக்கில் ராயப்பா தோற்றார். உள்நோக்கத்தை மெய்ப்பிக்கும் சுமை மிகப் பெரிது. அவரால் அதைச் சுமக்க முடியவில்லை. "பணம் வாங்கிக்கொண்டு போட்டார்கள்" என்று மனுவில் எழுதும் முன் இதை நினைக்க வேண்டும். ஆதாரம் இல்லாத ஒரு குற்றச்சாட்டு, ஆதாரம் உள்ள மற்றக் குற்றச்சாட்டுகளையும் கீழே இழுத்துவிடும்.

எந்த வாசலில் தட்டுவது?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், ஆசிரியர் தேர்வு வாரியம், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர் ஆகியோர் எடுக்கும் முடிவுகளுக்கு ரிட் மனு உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடப்படுகிறது. மாநிலத்துக்கென்று 1988-ல் அமைந்த நிர்வாகத் தீர்ப்பாயம் பின்னர் கலைக்கப்பட்டதால் இடையில் வேறு வாசல் கிடையாது. குமரி மாவட்டச் சிதறால்காரருக்கு அந்த வாசல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலை 24-ல் அது தொடங்கப்படும்வரை குமரி மாவட்டத்துக்காரர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. தேர்வாணையம் சென்னையில் இருந்தாலும் வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதியேனும் குமரி மாவட்டத்தில் எழுந்திருந்தால் மதுரையில் தொடுக்க இடமுண்டு. அந்தப் பகுதி எது என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் ஒரு பத்தியில் சொல்லிவிட வேண்டும்.

மத்திய அரசுப் பணி என்றால் வழி வேறு. சிதறால் மலைமேல் உள்ள சமணச் சின்னம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே ஒரு பணியிடத்துக்கான தேர்வில் தகராறு என்றால் முதலில் போக வேண்டியது மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு. மகேந்திரகிரி இஸ்ரோ மையம், அஞ்சல் துறை, ரயில்வே ஆகியவற்றுக்கும் இதுவே. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்ற இரு நீதிபதி அமர்வுக்குப் போகலாம் என்று 1997-ல் சந்திரகுமார் வழக்கு வழிவகுத்தது. தீர்ப்பாயத்தைத் தாண்டிக்கொண்டு நேராக உயர் நீதிமன்றம் போனால் மனு திரும்பும்.

எல்லைப் பகுதி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேரளத் தேர்வாணையத்தின் முடிவு என்றால் அதற்குத் திருவனந்தபுரத்தில் 2010 முதல் இயங்கும் கேரள நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. மதுரைக்கு அதில் வேலையில்லை. குமரியில் நிறைந்திருக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் நியமனம் செய்வது நிர்வாகம், ஒப்புதல் தருவது கல்வித் துறை. ஒப்புதல் மறுப்பு ஆணையை எதிர்த்து ரிட் போடலாம். கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தவரை, சங்கத்தின் முடிவு எல்லாவற்றுக்கும் ரிட் கிடைக்காது. சட்டக் கடமை மீறப்பட்டது என்று காட்ட முடிந்தால்தான் பேச்சு.

நாள்கணக்கு: வழக்குகள் சாகும் இடம்

ரிட் மனுவுக்குச் சட்டத்தில் எழுதிவைத்த காலவரம்பு இல்லை. இதைக் கேட்டு நிம்மதி அடைகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன சதாசிவசாமி வழக்கில், தனக்கு இளையவர் தன்னைத் தாண்டிப் பதவி உயர்வு பெற்றதை எதிர்ப்பவர் ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் ஓராண்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று 1974-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. நேரடி நியமனத்தில் இதைவிடவும் அவசரம். தேர்வானவர் பணியில் சேர்ந்து, பயிற்சி முடித்து, சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டால் அவரை எடுத்தெறிய நீதிமன்றம் தயங்கும்.

மனு மேல் மனு அனுப்பினால் காலம் நீளும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. அது தவறு. புவியியல் சுரங்கத் துறையில் இருந்து வேலைநீக்கம் ஆன ஜேக்கப் என்பவரின் வழக்கில், இதுவும் தமிழ்நாட்டு வழக்குதான், பல ஆண்டு கழித்துக் கொடுத்த கோரிக்கை மனுவைப் பரிசீலிக்க ஆணையிடுவதால் செத்த உரிமை உயிர்பெறாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆகவே "மனுதாரரின் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுக" என்று மட்டும் கேட்டு, அந்த உத்தரவை வாங்கி வருவதை வெற்றியாக எண்ணக் கூடாது. அதிகாரி பரிசீலித்து மீண்டும் "இல்லை" என்று ஒரு தாளில் எழுதிவிடலாம். அதற்குள் பணியிடங்கள் நிரம்பிவிடும். நிராகரிப்பு ஆணை கையில் இருக்கும்போது அந்த ஆணையையே எதிர்க்க வேண்டும்.

மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குக் காலவரம்பு சட்டத்திலேயே இருக்கிறது. இறுதி ஆணையிலிருந்து ஓராண்டு. மேல்முறையீடோ கோரிக்கையோ கொடுத்து ஆறு மாதம் பதில் இல்லையென்றால் அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு.

இன்னொரு பொறி, தேர்வில் கலந்துகொண்டு தோற்றபின் தேர்வு முறையையே குறை சொல்வது. முறை பிடிக்கவில்லை என்றால் தேர்வுக்கு முன்பே எதிர்க்க வேண்டும் என்று 1995-ன் மதன்லால் வழக்கு உட்படப் பல தீர்ப்புகள் சொல்கின்றன. அறிவிக்கப்பட்ட முறையை ஏற்றுக்கொண்டதால் அதில் ஒளிந்திருந்த சட்டமீறலையும் ஏற்றதாகாது என்று 2019-ல் மீதா சகாய் வழக்கு ஒரு விலக்கைத் திறந்துவைத்தது. அந்த விலக்கை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அன்று. அறிவிக்கையிலேயே குறை தெரிந்தால் அறிவிக்கை வந்த வாரத்திலேயே வேலை தொடங்க வேண்டும்.

படிப்படியாக

1. சான்றுகளைப் பத்திரப்படுத்துவது. முடிவு வந்த அன்றே அறிவிக்கை, திருத்த அறிவிக்கைகள், விண்ணப்ப நகல், நுழைவுச்சீட்டு, விடைத்தாள் படிமம், தற்காலிக விடைக்குறிப்பு, இறுதி விடைக்குறிப்பு, தரவரிசை, அழைப்புக் கடிதங்கள் எல்லாவற்றையும் பதிவிறக்கி அச்செடுக்க வேண்டும். தேர்வாணையத்தின் இணையதளத்தில் உள்ள பக்கங்கள் நிரந்தரம் அல்ல. பதிவிறக்கிய தேதி தெரியும்படி வைப்பது நல்லது.

2. மீறலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பது. சிதறால் இருக்கும் விளவங்கோடு வட்டத்தில் கிராம உதவியாளர் நியமனம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நியமன அதிகாரி வட்டாட்சியர். வாசித்தல், எழுதுதல், இருப்பிடம், நேர்காணல் என்று தனித்தனி மதிப்பெண். "தேர்வு நியாயமாக நடக்கவில்லை" என்பது பயனற்ற வாக்கியம். "கிராமத்தில் குடியிருப்போருக்கு அறிவிக்கை தரும் மதிப்பெண், அங்கே குடியிராத ஒருவருக்குத் தரப்பட்டுள்ளது, அவருடைய குடும்ப அட்டை முகவரி வேறு வட்டத்தில் உள்ளது" என்பது வழக்கு. அப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால் இன்னும் வழக்கு உருவாகவில்லை.

3. துறைக்குள் உள்ள வழியை முடிப்பது. விடைக்குறிப்புக்கு ஆட்சேபம் தெரிவிக்கத் தேர்வாணையம் பொதுவாக ஏழு நாள் தருகிறது. அந்த வாய்ப்பைத் தவறவிட்டவரிடம் நீதிமன்றம் முதலில் கேட்பது "அப்போது ஏன் சொல்லவில்லை?" என்பதுதான். ஆட்சேபத்தோடு பாடநூல் பக்கத்தை இணைக்க வேண்டும். பயிற்சி மையங்களின் விடைக்குறிப்பு ஆதாரம் ஆகாது.

4. கோரிக்கை மனு. ஒரே ஒரு மனு, ஒரு பக்கம், விதி எண்ணோடு. நியமன அதிகாரிக்கும் அவருக்கு மேலுள்ளவருக்கும் சேர்ப்பு ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைக் காக்க வேண்டும். பதிலுக்கு இரண்டு வாரம் போதும். ஒன்றைச் செய்யும்படி உத்தரவிடக் கேட்கும் மனுவுக்கு, முன்னரே கேட்டோம், மறுக்கப்பட்டது அல்லது பதிலில்லை என்பது தேவை. அதற்காகத்தான் இந்தப் படி.

5. தகவல் உரிமை விண்ணப்பம். கோரிக்கை மனு போகும் அதே நாளில் இதுவும் போக வேண்டும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள், அதன்பின் முதல் மேல்முறையீடு. தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை 2011-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கேள்விகள் ஆவணத்தைக் கேட்பவையாக இருக்க வேண்டும்: இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகல், தேர்வுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல். "ஏன் எனக்குத் தரவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் வராது. மிக முக்கியமானது: தகவல் வரட்டும் என்று வழக்கை நிறுத்திவைக்கக் கூடாது. வழக்கைப் போட்டுவிட்டு, மூல ஆவணங்களைக் கொண்டுவரும்படி நீதிமன்றத்திடமே கேட்கலாம்.

6. வழக்கறிஞர். பணி விவகார ரிட் நடத்திப் பழகியவராக, மதுரைக் கிளையில் நாள்தோறும் நிற்பவராக இருக்க வேண்டும். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி இரக்கம் அன்று, 1987-ன் சட்டம் தந்த உரிமை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. குழித்துறையில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழு, நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகியவற்றை அணுகினால் மதுரைக் கிளையின் சட்டப் பணிகள் குழுவுக்கு வழிகாட்டுவார்கள். தேசிய உதவி எண் 15100.

7. பிரமாணப் பத்திரம். வழக்கறிஞர் ஆங்கிலத்தில் தயாரிப்பார். தமிழில் வாசித்து விளக்கச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் புரிந்துகொண்ட பின்னரே கையெழுத்திட வேண்டும். அதில் பொய் இருந்தால் தண்டனை கையெழுத்திட்டவருக்குத்தான். உண்மையை மறைப்பதும் அதே அளவு ஆபத்து. முன்பே இதே விஷயத்தில் வழக்குப் போட்டிருந்தால் சொல்லிவிட வேண்டும். மறைத்தது தெரிந்தால் வழக்கின் நியாயத்தைப் பார்க்காமலே தள்ளுபடி ஆகும்.

8. எதிர்மனுதாரர்கள். அரசுச் செயலாளர், தேர்வு அமைப்பு, நியமன அதிகாரி ஆகியோரோடு தேர்வானவரையும் சேர்க்க வேண்டும். அவருக்குச் சொல்லாமல் அவர் வேலையைப் பறிக்க எந்த நீதிமன்றமும் முன்வராது. தேர்வானவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் சிலரையேனும் எல்லாருக்கும் பிரதிநிதியாகச் சேர்க்க வேண்டும் என்பது 1984-ன் பிரபோத் வர்மா தீர்ப்பு. நல்ல வழக்குகள் தோற்கும் காரணங்களில் இது முதல் வரிசையில் நிற்கிறது.

9. வேண்டுதல். ஆணையை ரத்து செய்து, அதற்குப் பதிலாக இன்னதைச் செய்ய உத்தரவிடக் கேட்பது சென்னை உயர் நீதிமன்ற வழக்காற்றில் 'செர்ஷியோராரிஃபைடு மாண்டமஸ்' எனப்படும். ஆணையின் எண்ணும் தேதியும் பிழையின்றி இருக்க வேண்டும். நேரடியாக "வேலை கொடு" என்ற உத்தரவு அரிது. "விதிப்படி மீண்டும் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடு" என்பதே வழக்கமாகக் கிடைப்பது. வேண்டுதலில் கால அளவைக் கேட்டுவிட வேண்டும்.

10. ஆவணத் தொகுப்பு. வழக்கறிஞர் அலுவலகங்களில் டைப்செட் என்பார்கள். தேதி வரிசையில், பக்க எண்ணோடு, தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்போடு. பதிவுத்துறை குறை கண்டு திருப்பினால் சொல்லப்பட்ட நாளுக்குள் சரிசெய்து மறுபடி கொடுக்க வேண்டும். திரும்பிய கட்டு வழக்கறிஞர் அலுவலக மூலையில் மாதக்கணக்கில் கிடப்பது உண்டு. வழக்கு எண் விழுந்ததா என்று வாரம் ஒருமுறை கேட்பது மனுதாரரின் வேலை. மே மாதக் கோடை விடுமுறையில் அவசர வழக்குகள் மட்டுமே எடுக்கப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

11. இடைக்கால உத்தரவு. முதல் நாளில் முழுத் தேர்வுக்கும் ஸ்டே கேட்பது பெரும்பாலும் பலிக்காது; நூறு பேருடைய நியமனத்தை ஒருவருக்காக நிறுத்த நீதிமன்றம் விரும்பாது. அளவாகக் கேட்டால் கிடைக்கும். தன் பிரிவில் ஒரு பணியிடத்தைக் காலியாக வைக்கும்படியோ, நியமனங்கள் இந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவை என்று அறிவிக்கும்படியோ கேட்பதே நடைமுறைக்கு ஏற்றது.

12. எதிருரை. அரசுத் தரப்பு தாக்கல் செய்யும் கவுண்டரை மனுதாரர் தானே உட்கார்ந்து படிக்க வேண்டும். மதிப்பெண்ணிலும் தேதியிலும் உள்ள முரணை வழக்கறிஞரைவிட மனுதாரர்தான் எளிதில் கண்டுபிடிப்பார். நிராகரிப்பு ஆணையில் இல்லாத காரணம் கவுண்டரில் முளைத்திருந்தால் அதைச் சுட்டிப் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும்.

குமரிக்காரர் தனியாகக் கவனிக்க வேண்டிய சான்றிதழ்கள்

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நிலம் இது. சாதிப் பட்டியல்களில் அதன் தடம் இன்றும் இருக்கிறது. குமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் பரவர் பட்டியல் சாதி. பிற மாவட்டங்களில் அப்படியன்று. வண்ணாருக்கும் இதே வேறுபாடு. காணிக்காரருக்குப் பழங்குடித் தகுதி குமரி மாவட்டத்தையும் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களையும் ஒட்டி வருகிறது. குடும்பம் வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்திருந்தால், சான்றிதழ் எந்த அலுவலகத்தில், எந்தப் பூர்வீகத்தின் அடிப்படையில் பெறப்பட்டது என்பது சரிபார்ப்பில் கேள்வியாகும். பட்டியல் சாதிச் சான்றை வட்டாட்சியரும், பழங்குடிச் சான்றைக் கோட்ட அளவிலான அதிகாரியும் தர வேண்டும். விளவங்கோட்டுக்கு அது பத்மநாபபுரம் சார் ஆட்சியர். கேரளத்தில் பிறந்து குமரியில் திருமணம் செய்துகொண்ட பெண்ணுக்குக் கணவரின் சாதி வராது. கேரளச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாட்டு ஒதுக்கீடும் பெற முடியாது.

தமிழ்வழி படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமையிலும் இங்கே ஒரு சிக்கல். 2010-ன் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டபின் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். விளவங்கோடு பகுதியில் தொடக்கக் கல்வியை மலையாள வழியில் முடித்துவிட்டுத் தமிழுக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த முன்னுரிமையைக் கோரி விண்ணப்பித்தால் சரிபார்ப்பில் விண்ணப்பமே சிக்கலாகும். கோராமல் விடுவதே பாதுகாப்பு.

காவலர் தேர்வு எழுதுவோர், தம்மேல் இருந்தது முடிந்துபோன குற்ற வழக்காக இருந்தாலும் அதைச் சரிபார்ப்புப் படிவத்தில் எழுதிவிட வேண்டும். சிறிய வழக்கை மன்னிக்க அதிகாரிக்கு இடமுண்டு என்று 2016-ல் அவதார் சிங் வழக்கு சொன்னது. மறைத்தவருக்கு அந்த வாய்ப்பு மிகவும் குறுகிப்போகும்.

மோசடி நடந்த தேர்வு

2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுத்து மறையும் மையைக் கொண்டு விடைத்தாள்கள் மாற்றப்பட்டது வெளியானபோது, தேர்வாணையம் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது. முழுத் தேர்வையும் ரத்து செய்யவில்லை. பாலிடெக்னிக் விரிவுரையாளர்களுக்கு 2017-ல் நடந்த தேர்வில் மதிப்பெண்கள் திருத்தப்பட்டபோது ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு முழுவதையும் ரத்து செய்தது. கறைபட்டவர்களைப் பிரித்தெடுக்க முடியுமா என்பதே நீதிமன்றம் பயன்படுத்தும் அளவுகோல். முடியும் என்றால் நேர்மையாக எழுதியவர்களைத் தண்டிக்கக் கூடாது. முடியாது என்றால் எல்லாம் போகும். மேற்கு வங்கத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பள்ளி நியமனங்களை 2025 ஏப்ரல் 3-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது அந்தக் காரணத்தால்தான். அதில் நேர்மையாகத் தேறியவர்களும் வேலை இழந்தார்கள். ஆகவே மோசடியைக் காட்டி வழக்குத் தொடுப்பவர், தான் கேட்பது பிரித்தெடுப்பதையா ரத்தையா என்று முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும்.

பாதுகாப்பு விதிகள்

"உள்ளே ஆள் இருக்கிறார், கேஸ் வேண்டாம், இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருகிறோம்" என்று வரும் தரகரிடம் பேசவே கூடாது. பணம் கொடுப்பவரும் குற்றவாளியாவார்; அத்தோடு வழக்கும் போகும். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்து கூடாது. வழக்கு நடக்கும்போது நீதிபதியைப் பற்றியோ, தேர்வான எதிர்மனுதாரரைப் பற்றியோ சமூக ஊடகத்தில் எழுதக் கூடாது. தேர்வானவரும் பெரும்பாலும் அதே ஊர்ப் பிள்ளை, தவறு அவருடையதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வழக்கு நடக்கும் காலத்தில் அடுத்த அறிவிக்கைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கு நடப்பதால் வயது வரம்பு நிற்காது.

தீர்ப்புக்குப் பின்

தனி நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து இரு நீதிபதி அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள், அதன்பின் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவுக்கு 90 நாள். வென்றவர் அரசு மேல்முறையீடு செய்யக்கூடும் என்று எதிர்பார்த்து, தன்னைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்னும் கேவியட் மனு போட்டுவைக்க வேண்டும். அது 90 நாள்தான் உயிரோடிருக்கும். முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். சான்றளிக்கப்பட்ட தீர்ப்பு நகலைப் பெற்றதும் ஒரு கடிதத்தோடு நியமன அதிகாரிக்கு அனுப்பி, சேர்ந்த தேதிக்கு ஒப்புகை வாங்க வேண்டும். நீதிமன்றம் தந்த வாரங்கள் கடந்தும் உத்தரவு நிறைவேறவில்லை என்றால் அவமதிப்பு மனு போடலாம். அதற்கு 1971-ன் சட்டம் தரும் காலம் அவமதிப்பு நிகழ்ந்த நாளிலிருந்து ஓராண்டு.